ஒன்பது வெறும் பெட்டி

அட்டைப் பெட்டியை நான் எறிய மாட்டேன். எட்டுத் தரம் வீடு மாறினவள். காங்கேசன்துறைப் பக்கம் எங்கடை காணியை விட்டு எழும்பின அன்று வீட்டில் நல்ல பெட்டி இரண்டுதான் இருந்தது. ஒன்றுக்குள் அரிசியும் சட்டியும் வைத்தோம். மற்றதுக்குள் உடுப்பு. மிச்சச் சாமான் எல்லாம் கதவடியிலேயே கிடந்தது. அதுக்குப் பிறகு எங்கே நல்ல பெட்டி கண்டாலும் மடித்து வைப்பேன். இப்போது ஒரே வீட்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே இன்னும் பெட்டி கிடக்கிறது.

ஆஸ்பத்திரி ஸ்ரோர்ஸில் எனக்குப் பதினாறு வருட வேலை. சிற்றூழியர். ஏழாம் வகுப்போடு நின்றவள். பெட்டி இறக்குவது, றாக்கையில் அடுக்குவது, வாட்டுகளுக்கு ட்ரொலியில் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் வேலை. வாட்டில் சாமானை எடுத்த பிறகு வெறும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவேன். மடித்து, நைலோன் கயிற்றால் கட்டி, பின் றாக்கைக்கு மேலே போடுவேன். செய் என்று யாரும் சொன்னதில்லை. செய்யாதே என்றும் சொன்னதில்லை. வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புகிறவர்கள், குவாட்டர்ஸ் மாறுகிற டொக்டர்மார், மாம்பழம் கட்டுகிறவர்கள் எல்லாரும் பெட்டிக்கு என்னிடம்தான் வருவார்கள். எங்கள் ஸ்ரோர் கீப்பர் ஐயாவும் வாங்கிக்கொண்டு போவார். ஐயா என்று சொல்வது பதவிக்கு. என்னை விடப் பத்து வயது குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

டயலிசிஸ் பிரிவு எங்களுக்குப் பக்கத்துக் கட்டடம். சிறுநீரகம் பழுதான ஆட்களின் இரத்தத்தை அங்கே மிசினில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு தரத்துக்கு ஒரு பில்டர் வேண்டும். பாவித்ததும் எறிந்துவிட வேண்டும். பெட்டிக்குள் இருபத்துநாலு பில்டர். அந்தப் பெட்டி தடிப்பானது, லேசில் இளகாது. பில்டர் பெட்டியை மட்டும் நான் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அது ஒரு ஆளுக்கு.

அவர் தொண்டைமானாற்றுக்காரர். முந்தித் தொழிலுக்குப் போனவர். சிறுநீரகம் போன பிறகு கடலுக்குப் போவதில்லை. மனைவி கருவாடு போடுகிறவ. திங்களும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் அச்சுவேலிக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவருடைய முறை பத்து மணிக்குப் பிறகுதான். அதுவரைக்கும் ஸ்ரோர்ஸ் வாசல் படியில் இருப்பார். அங்கே நிழல். நான் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி வார்ப்பேன். எனக்கு முழுக் கோப்பை, அவருக்கு அரைக் கோப்பை. டயலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளவுதான். சிறுநீர் போகாதபடியால் குடிக்கிறது எல்லாம் உடம்பிலேயே நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்ரை அரைக் கோப்பையையும் அதுக்குள் சேர்ப்பார்.

"தங்கச்சி, உம்மடை தேத்தண்ணிக்காக வீட்டிலை ஒரு மிடறு குறைச்சிட்டுத்தான் வாறன்" என்பார்.

அதுக்கு மேல் பெரிய கதை இல்லை. அவருக்கும் கதைக்க விருப்பமில்லை, எனக்கும் இல்லை. படியில் இருந்து ரோட்டைப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போகும்போது இரண்டு பில்டர் பெட்டியை மடித்தபடி கொண்டுபோவார். மனைவி அதுக்குள் கருவாட்டைக் கட்டி யாழ்ப்பாணத்துக் கடைக்கு அனுப்புவா. முதலில் கொடுத்த பெட்டிகளுக்கு வாய்ப்பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்த பெட்டி என்றால் கடைக்காரன் முகத்தைச் சுழிக்கிறான் என்று ஒரு நாள் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். நான் டயலிசிஸில் சிற்றூழியராக இருக்கிற பிள்ளைகளிடம் போய், பில்டர் பெட்டியை மேலால் பிய்க்காமல் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற ரேப்பை பிளேட்டால் வெட்டச் சொன்னேன். அடிப்பக்கத்தால் திறந்தால் பெட்டி புதுசு மாதிரி இருக்கும். அவர்களும் அப்படியே செய்தார்கள். பழகிவிட்டது.

பிறகுதான் பெட்டி எண்ணுகிற அந்த மிசின் வந்தது.

ஸ்ரோர்ஸ் கதவின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தட்டு ஒவ்வொன்று பூட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கடதாசி ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அதுக்குள் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடும். தட்டில் இருந்து ரேடியோ அலை வரும், ஸ்ரிக்கர் அதுக்குப் பதில் கொடுக்கும், கண்ணால் பார்க்கவே தேவையில்லை என்றார்கள். பெட்டி கதவைத் தாண்டி வெளியே போனால் கொம்பியூட்டரில் ஒன்று குறையும். உள்ளே வந்தால் ஒன்று கூடும். எங்களுக்குச் சாமான் அனுப்புகிற பெரிய ஸ்ரோர்ஸிலும் அதே இலக்கம் தெரியும். இலக்கம் குறைந்தால் அவர்களே அனுப்புவார்கள், நாங்கள் கேட்டு எழுதத் தேவையில்லை.

அதைப் பற்றி ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். நேர்ஸ்மாருக்கும் ஐயாவுக்கும் வகுப்பு. எனக்கு அங்கே தேத்தண்ணி கொடுக்கிற வேலை. நான் தேத்தண்ணித் தட்டோடு சுற்றி வரும்போது படிப்பிக்க வந்த ஆள் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். ஸ்ரிக்கரைப் பெட்டியின் வாயில், இரண்டு மூடியும் சேருகிற இடத்துக்குக் குறுக்கே ஒட்ட வேண்டும் என்றார். திறக்கிறபோது தானாகக் கிழிந்துவிடும், கிழிந்தால் செத்துவிடும், வெறும் பெட்டியை மிசின் எண்ணாது என்றார். எனக்குக் காது கேட்டது. கையில் பதினெட்டுக் கோப்பை. அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

அதுக்குப் பிறகு ஆயிரம் ஸ்ரிக்கராவது ஒட்டியிருப்பேன். ஒவ்வொன்றையும் வாய்க்குக் குறுக்கே, சொன்னபடி. பில்டர் பெட்டியை அடிப்பக்கத்தால் திறக்கிறார்கள் என்பது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. இரண்டும் இரண்டு வேலையாகத்தான் என் தலைக்குள் கிடந்தது.

மிசினை முதலில் நான் நம்பவில்லை. ஒரு தரம் கிளவுஸ் பெட்டி முடிந்துவிட்டது என்று ஐயாவிடம் சொன்னேன். ஐயா கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு நாலு பெட்டி இருக்கிறது என்றார். இல்லை என்று நின்றேன். அவர் கையில் பிடிக்கிற மிசினைக் கொண்டு றாக்கை றாக்கையாக நடந்தார். சேலைன் அடுக்குக்குப் பின்னால் அது கத்தியது. நாலு பெட்டி. நான்தான் எப்போதோ அங்கே தள்ளி வைத்திருக்கிறேன்.

"அக்கா, உங்கடை கண்ணை விட இதின்ரை கண்ணுக்கு நல்லாத் தெரியுது" என்று சிரித்தார்.

குத்திச் சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னார். இன்னும் இரண்டு தரம் அப்படி நடந்தது. மூன்று தரமும் மிசின் சரி, நான் பிழை. அதோடு எண்ணிச் சொல்கிறதை விட்டுவிட்டேன்.

வெயில் காலத்தில் ஒரு கரைச்சலும் தெரியவில்லை. பில்டர் பெட்டி வெளியே போகும், குறையும். வெறும் பெட்டியாக உள்ளே வரும், கூடும். பிறகு அவர் கருவாட்டுக்கு என்று கொண்டுபோவார், திரும்பக் குறையும். கணக்கு நேராகிவிடும். நான் அப்படி ஒன்று நடக்கிறது என்றே அறியேன். அவருடைய கையால்தான் அந்தக் கணக்கு நேராகிக்கொண்டிருந்தது.

மாரி தொடங்கியது. மாரியில் கருவாடு காயாது. பெட்டி இப்ப வேண்டாம் தங்கச்சி, மழை விடட்டும் என்றார். சரி, கட்டி வைக்கிறேன் என்றேன். அவருக்கென்று கட்டி வைத்தேன். கிழமைக்கு இரண்டு பெட்டி வெளியே போனது, இரண்டு வெறும் பெட்டி உள்ளே வந்தது. றாக்கையில் நிரம்பின பெட்டி ஒன்பது இருந்தது. ஒவ்வொன்றாகக் குறைந்தது. றாக்கைக்கு மேலே கட்டு வளர்ந்தது. கொம்பியூட்டரில் ஒன்பது ஒன்பதாகவே நின்றது. ஐயா அதைப் பார்க்கவில்லை. நானூறு, ஐந்நூறு சாமானில் எது சிவப்பில் வருகிறதோ அதைத்தான் அவர் பார்ப்பார். ஒன்பது பச்சையில் இருந்தது.

கடைசிப் பெட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை நான்தான் ட்ரொலியில் ஏற்றினேன். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நிரம்பின பெட்டி வேறு எங்கும் என் கண்ணில் படவில்லை. ஐயாவிடம் போனேன்.

"ஐயா, பில்டர் முடிஞ்சு போச்சுது."

அவர் கொம்பியூட்டரைப் பார்த்தார். "ஒன்பது கிடக்கக்கா."

நான் அவருடைய மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கிளவுஸ் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் நான் லீவு. அன்றைக்குப் புதுச் சாமான் வந்து வேறு அறையில் இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். வந்து பாருங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் எழும்பி வந்திருப்பார். நல்ல மனுசன். நான் சொல்லவில்லை. ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போனேன். இது நான் பிறகு ஒருவருக்கும் சொல்லாதது. கடைசியில் எழுதிக் கொடுத்த கடிதத்திலும் இல்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை டயலிசிஸில் இருந்து சாமான் கேட்டுத் துண்டு வந்தது. பில்டர் ஒரு பெட்டி. அவர்களிடம் மிச்சம் மூன்று. அன்றைக்கு எட்டுப் பேருக்கு முறை.

எல்லா அறையும் தேடினேன். இல்லை. ஐயா கை மிசினை எடுத்தார். அது பின் றாக்கைக்குப் பக்கத்தில் போனதும் கத்தத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று இலக்கம் ஏறி ஒன்பதில் நின்றது. ஐயா என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் திரும்பினார். நான் ஏணியில் ஏறிப் பெட்டிக் கட்டை இழுத்துக் கீழே போட்டேன். தட்டையாக ஒன்பது பெட்டி. அடிப்பக்கம் வடிவாக வெட்டியிருந்தது. வாய்ப்பக்கம் ஒன்பது ஸ்ரிக்கர். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவருடைய முகம் மாறிவிட்டது.

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் சமாளிக்கிறன்" என்றார்.

கொம்பியூட்டரில் ஒன்பதையும் அழித்தார். பெரிய ஸ்ரோர்ஸுக்குப் போன் எடுத்தார். உங்களிடம் ஒன்பது இருப்பதாகக் காட்டியது, அதனால்தான் இந்த மாதம் அனுப்பவில்லை, நாளைக் காலை அனுப்பலாம் என்றார்கள். டயலிசிஸ் சிஸ்ரர் பட்டினத்து ஆஸ்பத்திரியோடு கதைத்து நாலு பில்டர் கடன் கேட்டா. அம்புலன்ஸில் வந்து சேர்ந்தது. மூன்றும் நாலும் ஏழு. ஆட்கள் எட்டு.

நான் அந்த நாலையும் கொண்டுபோனபோது எட்டுப் பேரும் வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். சிஸ்ரர் விசயத்தைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. யாருக்கு நாளைக்கு வைக்கலாம் என்று அவவுக்கும் தெரியவில்லை. தொண்டைமானாற்றுக்காரர்தான் எழும்பினார்.

"எனக்கு இண்டைக்குக் கால் வீக்கமில்லை சிஸ்ரர். நான் நாளைக்கு வாறன்" என்றார்.

சிஸ்ரர் அவருடைய காலை அமத்திப் பார்த்தா. சரி, நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும் என்றா. நான் வாசலில் நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது இன்றைக்குத் தேத்தண்ணி இல்லையோ என்று கேட்டார். வார்த்துக் கொடுத்தேன். அரைக் கோப்பை. குடித்துவிட்டு மழைக்குள் பஸ்ஸுக்குப் போனார். கோவிலுக்குப் போகிற சனத்தால் வெள்ளிக்கிழமை அந்த பஸ் நிரம்பித்தான் போகும். நின்றுகொண்டுதான் போயிருப்பார்.

சனிக்கிழமை காலை பில்டர் வந்து இறங்கியது. எட்டு மணிக்கு அவர் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. ஐயாவிடம் சொல்லாமல் ஓட்டோ பிடித்தேன். அச்சுவேலி தாண்டினால் வயல் எல்லாம் ஒரே வெள்ளம். தொண்டைமானாற்றில் அவருடைய ஒழுங்கைக்குள் ஓட்டோ போகாது என்றான் ஓட்டோக்காரன். முழங்கால் தண்ணிக்குள் நடந்தேன்.

அவர் கட்டிலில் இருந்தார். படுக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று விடிய விடிய இருந்தபடியே இருந்திருக்கிறார். முகம் ஊதியிருந்தது. மூச்சுக்குள் தண்ணி கொதிக்கிற சத்தம். பஸ் வரவில்லை, வந்தாலும் ஒழுங்கையால் நடக்க ஏலாது என்று மனைவி அழுதா. நானும் அவவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏற்றினோம். மனைவி முன்னுக்கு ஓட்டோக்காரனோடு ஒடுங்கி இருந்தா. அவர் என்ரை தோளில் சாய்ந்திருந்தார்.

வழியில் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அண்ணை, பில்டர் இல்லாமல் போனது என்னாலைதான். உங்களுக்கெண்டு கட்டி வைச்ச பெட்டியை மிசின் எண்ணிப் போட்டுது."

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கண்ணை மூடியிருந்தார். கேட்டதோ இல்லையோ எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். உடனே டயலிசிஸ் மிசினில் போட்டார்கள். அன்றைக்கு இருந்த டொக்டர் புதியவர். ஒரு நாள் பிந்தினதுக்கு இவ்வளவு தண்ணி சேராது, கனக்கக் குடித்திருக்கிறார் என்று சிஸ்ரரிடம் சொன்னார். அவரிடமும் கேட்டார். அவர் முகத்து மூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"ஓம். கூடக் குடிச்சிட்டன்" என்றார்.

டொக்டர் பைலில் எழுதினார். சிஸ்ரர் மூச்சு விட்டா. அவரை வீட்டுக்கு அனுப்பினது அவ. ஐயாவுக்கும் சேதி போனது. அவரும் மூச்சு விட்டிருப்பார். என்ரை நெஞ்சும் ஒரு நொடி இளகினது உண்மை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

அவர் ஒன்பது நாள் வாட்டில் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் இதயம் களைத்துப்போனது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் வந்தவர் அதுக்குப் பிறகு மூன்று தரம் வர வேண்டும். ஐந்து கோப்பையை மூன்றாக வெட்டினார்கள். சொல் கேளாத ஆள் என்று பைலில் இருக்கிறபடியால் வருகிற டொக்டர் எல்லாரும் அதைத்தான் முதலில் வாசித்தார்கள். சிஸ்ரரும் நிறை பார்க்க நிறுவையில் ஏற்றும்போது எல்லாருக்கும் முன்னால் ஏசுவா. நேற்று எத்தனை போத்தல் என்று மற்ற ஆட்களும் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

படிக்கு வருவார். தேத்தண்ணி வேண்டாம் என்பார். வாசல் பைப்பில் ஒரு வாய் தண்ணி எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார். துப்பின இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாக்கு வெடித்திருந்தது. நான் பிளாஸ்கைத் திறப்பதை விட்டுவிட்டேன். அவருக்கு முன்னால் எனக்கும் இறங்கவில்லை.

ஸ்ரோர்ஸில் ஐயா ‘மிசின் பிழை’ என்று எழுதிக் கொடுத்தார். மிசினைப் பூட்டினவர்கள் வந்து பார்த்தார்கள். தட்டு சரி, ஸ்ரிக்கர் சரி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பில்டர் பெட்டியை இனி மேலால் திறக்கச் சொல்லி நான் டயலிசிஸ் பிள்ளைகளிடம் சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. வெறும் பெட்டி சேர்ப்பதையும் நிறுத்தினேன். கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றேன்.

தை மாதம் முடிகிற நேரம் அவருடைய மனைவி கூட வந்தா. அவர் டயலிசிஸில் கிடக்க, அவ படியில் எனக்குப் பக்கத்தில் இருந்தா.

"இந்த மனுசன் அண்டைக்கு ஒரு மிடறும் கூடக் குடிக்கேல்லைப் பிள்ளை. நான் அளந்து குடுக்கிறனான். ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு கேட்டால் ஏசுறார்" என்றா.

நான் எழும்பினேன். உள்ளே போய்ச் சும்மா பெட்டிகளை மாற்றி அடுக்கினேன்.

அடுத்த முறை அவர் தனிய வந்தபோது கேட்டேன்.

"ஏன் அண்ணை டொக்டருக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"ஓட்டோவிலை நீர் சொன்னது கேட்டது" என்றார். "பெட்டி எனக்கெண்டுதானே கட்டி வைச்சனீர். கிழியாமல் வேணுமெண்டு சொன்னதும் நான்தானே."

"அதுக்காக?"

"உமக்கு வேலை போனால் என்ன செய்வீர். எனக்கு இரண்டு கோப்பை தண்ணிதானே போகுது."

அப்படிச் சொல்லிவிட்டு எழும்பி, பைப்படிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார்.

அன்று பின்னேரம் எழுதினேன். நாலு வரி. ‘பில்டர் பெட்டியை அடிப்பக்கத்தால் திறக்கச் சொன்னது நான். வெறும் பெட்டி ஒன்பதை ஸ்ரோர்ஸுக்குள் கட்டி வைத்தது நான். அதனால் இருப்புப் பிழையாகக் காட்டியது. அந்த நோயாளி தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.’ கீழே கையெழுத்து வைத்தேன். ஐயாவைப் பற்றி எழுதவில்லை. பெரிய டொக்டரின் ஒபிஸில் கொடுக்கிறதுக்கு முன் சிஸ்ரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பைல் அவவின் கையில்தான் இருக்கிறது.

சிஸ்ரர் இரண்டு தரம் வாசித்தா. கண்ணாடியைக் கழற்றினா.

"வீக்கமில்லை எண்டு பார்த்து அனுப்பினது நான். நீங்கள் இதை எழுதாமல் விட்டிருந்தால் நான் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்" என்றா.

பிறகு பைலை எடுத்து, பழைய வரிக்குக் கீழே நிறைய எழுதினா. என்ன எழுதினா என்று எனக்கு வாசிக்க விளங்கவில்லை, அது ஆங்கிலம். ஆனால் பழைய வரியின் குறுக்கே ஒரு கோடு கீறினதைப் பார்த்தேன்.

வேலை போகவில்லை. என்னை ஸ்ரோர்ஸில் இருந்து எடுத்து உடுப்புத் தோய்க்கிற பகுதிக்குப் போட்டார்கள். ஐயாவிடமும் விளக்கம் கேட்டார்கள். கண்ணால் போய்ப் பார்க்காதது பிழை என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார். அவர் பெயரை நான் எழுதவில்லை என்று போய்ச் சொல்லலாம். சொல்லி என்ன.

அவருடைய தண்ணி மூன்றில் இருந்து நாலு ஆனது. ஐந்து ஆகவில்லை. இதயத்துக்கு ஐந்து கூடாதாம். கிழமைக்கு மூன்று தரம் என்பதும் மாறவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள், படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டு நின்றேன். தூரத்தில் அவர் ஸ்ரோர்ஸ் படியடிக்குப் போவது தெரிந்தது. நடை முந்தி மாதிரி இல்லை. நாலு அடி வைத்து நிற்பார், பிறகு நாலு அடி. கையில் ஒரு ஷொப்பிங் பை. நான் இப்போது இங்கே என்று அவருக்குத் தெரியாது போல என்று நினைத்துக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"உம்மடை ஸ்ரிக்கர். வீட்டிலை கிடந்த பெட்டியிலை எல்லாம் மனுசி உரிச்செடுத்தவ. ஸ்ரோர்ஸிலை குடுத்திட்டு வாறன்."

கையில் இருந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் படியில் ஒரு கால் வைத்துவிட்டார். கதவுக்கு இன்னும் இரண்டு எட்டுத்தான். அந்தப் பை கதவைத் தாண்டினால் கொம்பியூட்டரில் எத்தனை பெட்டி ஏறுமோ தெரியாது. பெரிய ஸ்ரோர்ஸ் பார்த்துவிட்டு அனுப்பாமல் இருக்கும். திரும்பவும் வாங்கில் எட்டுப் பேர் இருப்பார்கள்.

"அதிலை நில்லுங்கோ அண்ணை. உள்ளை போகாதேங்கோ."

அவர் நின்றார். மூச்சு வாங்கினார். பையை எடுத்து என்னிடம் தந்தார்.

தோய்க்கிற பகுதிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். கல்லுப் போட்டிருக்கிறோம். அங்கே அவரை இருத்தினேன். பைக்குள் இருபத்திரண்டு ஸ்ரிக்கர். கருவாட்டு மணம். மனைவி ஒவ்வொன்றையும் நனைத்து, சுருங்காமல் உரித்து, கடதாசியில் காய வைத்து எடுத்திருந்தா. அவ்வளவு கவனம். கத்தரிக்கோல் எடுத்துவந்து ஒவ்வொன்றையும் வெள்ளிக் கோட்டுக்குக் குறுக்கே வெட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி இருக்கோ?" என்றார்.

வார்த்தேன். கோப்பையில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். முடிந்த பிறகு கோப்பையைக் கல்லில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கத்தரிக்கோலைக் கொடுத்தேன். ஒரு ஸ்ரிக்கர்தான் மிச்சம். எடுத்து வைத்து வெட்டினார். ஓரத்தில்தான் பட்டது. இரண்டாம் தரம் அமத்தி வெட்டினார். அப்போதுதான் இரண்டானது.